அடுப்பில் வறுத்த துத்தநாகம்

கல்யாணமான புதிதில், அறுபதுகளின் தொடக்கத்தில், இலங்கை மலையகத்தில் தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து வீட்டில் நாங்கள் குடியிருந்தோம். என் கணவருக்குத் தேயிலைச் செடிகளைச் சோதிக்கும் ஆய்வுகூடத்தில் உதவியாளர் வேலை. துத்தநாகச் சத்துக் குறைந்த செடியில் இலை சிறுத்து, அரிவாள் மாதிரி வளைந்துவிடும். அதற்குத் துத்தநாக சல்பேட்டைத் தண்ணீரில் கரைத்துத் தெளிப்பார்கள். அந்த வருடம் கப்பலில் வர வேண்டிய சல்பேட் வந்து சேரவில்லை.

"நாமளே செஞ்சா என்னா?" என்று ஒரு நாள் சோற்றைப் பிசைந்தபடி கேட்டார். என்னைக் கேட்ட மாதிரி தெரியவில்லை. தட்டைப் பார்த்துத்தான் கேட்டார்.

அட்டன் டவுனில் வாளிகளுக்குத் துத்தநாகப் பூச்சுப் போடும் பட்டறை ஒன்று இருந்தது. உருகிய துத்தநாகத்தின் மேல் ஏடு மாதிரி படியும் சாம்பலை அங்கே வீசிவிடுவார்கள். அதில் ஒரு பை கேட்டு வாங்கிவந்தார். தேயிலைக்குப் போடும் அமோனியம் சல்பேட் உரத்துக்குத் தோட்டத்தில் பஞ்சமில்லை. சாம்பலையும் உரத்தையும் சேர்த்து வறுத்தால் துத்தநாகம் சல்பேட்டாக மாறுமாம். பிறகு வெந்நீர் ஊற்றினால் அது கரைந்து இறங்கிவிடும், அழுக்கு தங்கிவிடும் என்றார். ஆய்வுகூடத்துக்குத் தலைவராக இருந்த பெரியவர் சிரித்துவிடுவாரோ என்ற கூச்சத்தில் முதல் சோதனை என் அடுப்பில் நடந்தது.

விறகை நிறைய வைத்துவிட்டார். இரும்புச் சட்டியிலிருந்து வெள்ளைப் புகை கிளம்பியது. நெடி மூக்கைப் பிய்த்தது. கோழிகள் தெறித்து ஓடின. பக்கத்து வீட்டு அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"என்னா தங்கச்சி, அடுப்படியிலயா கக்கூசு கழுவுற?"

"இல்லக்கா, இவங்க மருந்து காச்சுறாங்க."

"யாருக்கு?"

"தேயிலைக்கி."

வெந்நீர் ஊற்றிப் பார்த்தால், போட்ட சாம்பல் அப்படியே அடியில் கிடந்தது. "சூடு கூடிப்போச்சு புள்ள. ஒரம் பூரா மொதல்லயே பொகையாப் போயிருச்சு" என்றார். அவர் முகம் வாடியிருந்தது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

"நாளைக்கி வெளிய வச்சுப் பாப்போங்க" என்றேன்.

மறுநாள் சாம்பலைப் பொடியாக இடித்து, உரத்தைக் கலந்து, சட்டியை மூடி, வாசலில் கரித்தணலின் மேல் வைத்தோம். நான் விசிறினேன். "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தூறல் விழுந்ததும் குடையை எடுத்து வந்து சட்டிக்குப் பிடித்தார். நான் நனைந்தேன்.

இந்த முறை, வெந்நீர் ஊற்றிப் பழைய வேட்டித் துணியில் வடித்த நீரைச் சுண்டக் காய்ச்சித் தட்டில் ஆறவைத்தோம். விடிந்ததும் என்னை எழுப்பிக் காட்டினார். தட்டு முழுக்க ஊசி ஊசியாகப் படிகங்கள்.

பெரியவர் சிரிக்கவில்லை. சோதித்துப் பார்த்துவிட்டு, கொஞ்சம் இரும்பு கலந்திருக்கிறது, பரவாயில்லை என்று ஒரு வரிசைச் செடிகளுக்குத் தெளிக்கச் சொன்னார். அடுத்த வாரமே கப்பல் சரக்கு வந்துவிட்டது. எங்கள் சல்பேட்டை அதன்பின் யாரும் கேட்கவில்லை. அவருக்கு அதில் துளி வருத்தமும் இல்லை.

அந்த வரிசையில் புதுக் கொழுந்து வந்தபோது என்னைக் கூட்டிப்போனார்.

"எல எப்பிடி விரிஞ்சிருக்கு பாரு!"

"எனக்கு எல்லாம் ஒண்ணாத்தாங்க தெரியுது."

அவர் அந்த வரிசையில் ஓர் இலையும் தெளிக்காத வரிசையில் ஓர் இலையும் கிள்ளி என் உள்ளங்கையில் அருகருகே வைத்தார். ஒன்று ஒடுங்கி வளைந்திருந்தது. மற்றது அகலமாக, பளபளவென்று இருந்தது.

"அட, ஆமாங்க!" என்றேன்.

அங்கிருந்து டவுனுக்கு நடந்துபோய் வடையும் பால் விடாத பிளேன்டீயும் சாப்பிட்டோம். கடைக்காரருக்கும் அந்த இரண்டு இலைகளைக் காட்டாமல் அவர் எழுந்திருக்கவில்லை.