மைக்கக்காவின் இரண்டு முன்பற்கள்

பேருந்து நிலையத்தில் பதினெட்டு வருஷமாக அறிவிப்புச் செய்துவந்த மைக்கக்காவுக்கு நாற்பத்து நான்காவது வயதில் திடீரென்று ரசிகர்கள் முளைத்தார்கள். அதுவரை அவள் குரலை யாரும் குரலென்றே எண்ணியதில்லை. ஹாரன் சத்தம், மின்விசிறிச் சத்தம் மாதிரி அதுவும் ஒன்று. எந்த வண்டி, எத்தனை மணி என்பது மட்டும்தான் காதில் விழும். சொன்னவள் நெட்டையா குட்டையா என்று ஒருவருக்கும் தெரியாது.

ஒரு திங்கட்கிழமைக் காலையில் எல்லாம் மாறியது. “சர்க்கரை ஆலை செல்லும் சிறப்புப் பேருந்து சரியாக ஏழரை மணிக்கு” என்று அவள் சொல்ல, ஒவ்வொரு ‘ச’வுக்கும் ஒரு சின்ன விசில் கூடவே கிளம்பியது. மைக் அதை ஊதிப் பெரிதாக்கி நிலையம் முழுக்க இறைத்தது. நடைமேடையில் நின்றவர்கள் கூரைக்குள் குருவி புகுந்துவிட்டதோ என்று அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு நடத்துநர் தன் விசிலை எடுத்துப் பதிலுக்கு ஊதினார். எங்கிருந்தோ கைதட்டல் வந்தது.

மைக்கக்காவுக்கு முதலில் கூச்சமாக இருந்தது. இரண்டாவது வாரம் பிடித்துப்போனது. மூன்றாவது வாரம் தலைகால் புரியவில்லை. ‘போகும்’ என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் ‘செல்லும்’ என்றாள். ‘கொஞ்ச நேரத்தில்’ என்பது ‘சற்று நேரத்தில்’ ஆயிற்று. பணப்பையைத் தொலைத்துவிட்டு அழுதுகொண்டு வந்த ஒருவர், தன் பையைப் பற்றிய அறிவிப்பைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே திரும்பிப் போனார். ஓட்டுநர்கள் அவளுக்கு விசிலக்கா என்று பேரை மாற்றிவைத்தார்கள்.

இதில் ஒரு கூட்டாளியும் இருந்தார். அவளுடைய கண்ணாடிக் கூண்டுக்கு அடுத்த அறையில் இருந்த டைம்கீப்பர். மனைவியை இழந்து ஏழு வருஷமான மனிதர். வாயில் முத்து உதிர்ந்துவிடுமோ என்று பயந்தவர்போல அளந்து பேசுவார். வண்டி கிளம்பும் விவரத்தைத் துண்டுச் சீட்டில் எழுதி, இரண்டு அறைக்கும் நடுவிலுள்ள சின்ன ஜன்னல் வழியாக நீட்டுவது அவர் வேலை. அந்தச் சீட்டுகளில் இப்போது புதுச் சொற்கள் தலைகாட்டின. ‘சீக்கிரம்’, ‘சௌகரியமாக’, ‘சுகமான பயணம்’. ஒருநாள் ‘சகல சௌபாக்கியங்களுடன்’ என்றுகூட எழுதியிருந்தார். அதை அப்படியே வாசித்துவிட்டு அவள் மைக்கை அணைக்க மறந்து சிரித்தது ஆறு நடைமேடைகளிலும் கேட்டது.

சீட்டை நீட்டும்போது அவர் எப்போதும் கையை முழங்கை வரை நீட்டி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். கூச்ச சுபாவம் என்று அவள் எண்ணிக்கொண்டாள். அந்த எண்ணம் அவளுக்கு இனிப்பாகவும் இருந்தது.

வீட்டில் அண்ணி மட்டும் இந்தக் கொண்டாட்டத்தில் சேரவில்லை. தையல் மெஷினில் உட்கார்ந்து நூல் கோர்த்துக் கோர்த்து அவளுக்குக் கூர்மையான கண்.

“உன் பிரஷ் ஏன் எப்பவும் ரோஸ் கலர்லயே இருக்கு?”

“கொஞ்சம் ரத்தம் வருது அண்ணி. அழுத்தித் தேய்ச்சா யாருக்குத்தான் வராது?”

“தலையணை உறையிலயும் கறை இருந்துச்சு. அப்புறம், உன் பல்லு என்னமோ நீளமாயிட்டே வருதே.”

“வளர்ற வயசு அண்ணி.”

அண்ணன் சோற்றோடு சேர்த்துச் சிரிப்பையும் விழுங்கிப் புரையேறினார். பிறகு, “நம்ம அப்பாவுக்கு ஐம்பது வயசுல ஒரு பல்லுகூட இல்ல. நம்ம குடும்பத்துக்கே அப்படித்தான்” என்று தீர்ப்புச் சொல்லி முடித்தார். அண்ணி மட்டும் இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்தாள்.

நான்காவது மாதம், ஒரு இளம்பெண் கூண்டின் கண்ணாடியைத் தட்டினாள். தோளில் பை, கையில் டிபன் டப்பா. சர்க்கரை ஆலை வண்டியில் தினமும் போகிறவள்.

“அக்கா, உங்க குரலைத்தான் தினமும் கேட்கிறேன். ஒரு நிமிஷம் பேசலாமா?”

ரசிகையே நேரில் வந்துவிட்டாள் என்று மைக்கக்கா புடவையைச் சரிசெய்துகொண்டு கதவைத் திறந்தாள்.

“இந்த விசில் முன்னாடி இல்லையே. எப்ப வந்துச்சு?”

“நாலு மாசம் இருக்கும். தானா வந்துச்சும்மா. எல்லாம் ஒரு கொடுப்பினைதான்.”

“மொதல்ல மெல்லிசா இருந்துச்சு. இப்ப காத்து அதிகமா வருது. முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல புதுசா சந்து விழுந்திருக்கா?”

“ஆமாமா. அதுதானே விஷயமே.” பெருமையோடு பல்லைக் காட்டினாள்.

அந்தப் பெண் குனிந்து பார்த்தாள். “பல் தேய்க்கும்போது ரத்தம் வருதா?”

“வரும்.”

“ஈறு மேல ஏறி, பல் நீளமாத் தெரியுதுன்னு யாராவது சொன்னாங்களா?”

“எங்க அண்ணி. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“கடிக்கும்போது பல்லெல்லாம் முன்ன மாதிரி பொருந்துதா? ஏதாவது ஆடுதா?”

மைக்கக்கா நாக்கால் முன்பல்லைத் தள்ளிப் பார்த்தாள். அது லேசாக அசைந்து கொடுத்தது. இத்தனை நாள் அதை ஒரு விளையாட்டாகத்தான் நினைத்து, வேலையில்லாத நேரத்தில் தள்ளிக்கொண்டிருந்தாள்.

“வலி மட்டும் துளிகூட இல்லம்மா.”

“அதாங்க்கா ஏமாத்துறது. இந்த நோய் முத்துற வரைக்கும் பெரும்பாலும் வலிக்கவே வலிக்காது. நான் ஆலை ஆஸ்பத்திரியில பல் டாக்டர். நாளைக்கே வாங்க.”

மறுநாள், வாழ்நாளெல்லாம் மற்றவர்களை ஏற்றி அனுப்பிய வண்டியில் மைக்கக்கா தானே ஏறிப் போனாள். துணைக்கு அண்ணி. சாய்ந்த நாற்காலியில் படுக்கவைத்து, கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் மெதுவாக விட்டு டாக்டர் அளந்தாள். பக்கத்தில் நர்ஸ் எழுதிக்கொண்டாள்.

“மூணு. ரெண்டு. ஆறு. ஏழு. ஆறு. ரெண்டு.”

ஏழாவது நடைமேடையே நம் நிலையத்தில் கிடையாதே என்று மைக்கக்காவுக்குத் தோன்றிவிட்டது. வாய்க்குள் கம்பியோடு சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. டாக்டர் கையை எடுத்துக்கொண்டு காத்திருந்தாள். அடக்க அடக்க அது வயிற்றைக் குலுக்கியது. கடைசியில் நர்ஸுக்கும் தொற்றிக்கொண்டது. அண்ணிதான், “சின்னப் பிள்ளையா நீ” என்று காலில் ஒரு தட்டுத் தட்டி அடக்கினாள்.

எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தபோது சிரிப்பு தானாக நின்றது.

“மூணு மில்லிமீட்டர் வரைக்கும் இருந்தா நல்ல ஈறு. உங்களுக்குப் பல இடத்துல ஆறு, ஏழு. ஈறுக்கு உள்ள காறை, அதான் பல்லுல படியுற அழுக்குக் கல்லு, இறங்கி உட்கார்ந்து, கிருமி சேர்ந்து, பல்லைப் பிடிச்சிருக்கிற எலும்பையே கரைச்சிருக்கு. பிடி தளர்ந்ததால முன்பல்லு ரெண்டும் விலகியிருக்கு. விசில் அதுலேர்ந்துதான் வருது.”

“எங்க அப்பாவுக்கும் எல்லாம் விழுந்துச்சு. வயசுன்னு நினைச்சோம்.”

“வயசு பல்லைப் பிடுங்காதுக்கா. குடும்பத்துல ஒருத்தருக்கு இருந்தா மத்தவங்க முன்கூட்டியே பார்த்துக்கணும்.”

“என் பல்லும் விழுந்துருமா?”

“பின்னாடி ஒண்ணைக் காப்பாத்த முடியாது. மத்ததுக்குப் போராடலாம். போன எலும்பு பெரும்பாலும் திரும்பாது, இருக்கிறதை நிறுத்தி வைக்கலாம். சர்க்கரை நோய் இருக்கான்னு ரத்தமும் பார்த்துடலாம், ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தூண்டிவிடும்.”

திரும்பி வரும் வண்டியில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, நாக்கு முன்பல்லைத் தள்ளப் போகும்போதெல்லாம் இழுத்துக்கொண்டாள். நாலு மாசமாக ஊரே கைதட்டியது தன் எலும்பு கரைவதற்கா என்று நினைத்துக்கொண்டாள். அண்ணி அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, “நானும் வாயைக் காட்டிட்டு வந்திருக்கலாம்” என்றாள். அப்படிச் சொன்னது அவளுக்கு ஏனோ பெரிய ஆறுதலாக இருந்தது.

ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை நோய் இல்லை என்று வந்தது. அந்தப் பின்பல்லை எடுத்தார்கள். பிறகு நான்கு தடவை, வாயின் ஒவ்வொரு கால்வாசியாக, மரத்துப்போகிற ஊசி போட்டு ஈறுக்கு அடியில் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். வீக்கம் வற்றி முன்பற்கள் சற்று நெருங்கிவந்ததும், ஆடிய பற்களைப் பின்பக்கம் மெல்லிய கம்பியால் ஒன்றோடொன்று ஒட்டினார்கள்.

முதல் தடவை முடிந்து அரை நாள் விடுப்புதானே என்று அவள் நேராகக் கூண்டுக்குப் போய் மைக்கைப் பிடித்தாள். உதடு அவள் பேச்சைக் கேட்கவில்லை. சர்க்கரை ஆலை ‘தர்க்கலை ஆலை’ ஆனது. தர்க்கலை எங்கே இருக்கிறது என்று நாலு பேர் விசாரணைக்கு வந்தார்கள். டைம்கீப்பர் எழுந்து, கூண்டுக் கதவைத் திறந்து, அவளை நகரச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு மைக்கின் முன் உட்கார்ந்தார். தொண்டையைக் கனைத்தார், அது ஆறு நடைமேடைக்கும் போயிற்று.

“வண்டி,” என்றார். ரொம்ப நேரம் யோசித்து, “வந்துருச்சு” என்றார்.

எந்த வண்டி என்று அவர் சொல்லவே இல்லை. அன்றைக்கு நிலையமே சிரித்துக்கொண்டு கிளம்பிப் போனது. மைக்கக்கா மரத்த வாயைப் பொத்திக்கொண்டு ஸ்டூலிலிருந்து வழுக்கிக் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்துத் திரும்ப அளந்தபோது ஆறும் ஏழும் மூன்றுக்கும் நான்குக்கும் இறங்கியிருந்தன. ரத்தம் நின்றது. முன்பற்களுக்கு நடுவிலிருந்த சந்தும் குறைந்துவிட்டதால் விசில் தேய்ந்து, ஒருநாள் காணாமலே போயிற்று. ஓட்டுநர்கள் இரண்டு நாள் துக்கம் கொண்டாடினார்கள். அவளுக்கும் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் ஆப்பிளை முழுசாகக் கடித்தபோது அந்த வருத்தம் போன இடம் தெரியவில்லை.

ஒரு விஷயம் மட்டும் அவளைக் குடைந்தது. டைம்கீப்பர் இப்போதெல்லாம் சீட்டை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. ஜன்னலில் முழங்கையை ஊன்றி நின்று பேசுகிறார்.

“சார், உண்மையைச் சொல்லுங்க. முன்னாடி ஏன் தள்ளித் தள்ளி நின்னீங்க?”

அவர் கூரையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

“வாய் நாத்தமா?”

“நாத்தம்னு சொல்ல முடியாது.” கொஞ்சம் யோசித்தார். “ஜன்னல் திறந்திருந்தா பரவாயில்ல.”

“கூச்சம்னு நினைச்சேன் சார். நாலு மாசமா அதை நினைச்சு நினைச்சுச் சந்தோஷப்பட்டேன்.”

“கூச்சமும் இருந்துச்சு மேடம்,” என்றார் அவசரமாக. “நாத்தம் போயிருச்சு. அது போகல.”

அவளுக்குக் காது வரை சூடேறியது. அதை மறைக்க, “உங்க பிரஷ் என்ன கலர்?” என்று கேட்டாள். அவர் விழித்தார். இரண்டு மூன்று கேள்வியில் அவருக்கும் ரத்தம் வருவது தெரிந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமையே அவரைக் கையோடு டாக்டரிடம் கொண்டுபோனாள். அவருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றிருந்தது, எலும்பைத் தொடவில்லை. ஒரே தடவையில் காறையை எடுத்து அனுப்பினார்கள். திரும்பும் வழியில், கல்யாணம் பற்றி உங்கள் வீட்டில் பேசலாமா என்று அவர் கேட்டார். எங்கள் அண்ணியிடம் முதலில் பேசுங்கள் என்றாள் அவள்.

அண்ணி அவரை உட்காரவைத்து, வேலை, வீடு, முதல் மனைவி என்று எல்லாம் விசாரித்துவிட்டு, கடைசியாக, “கொஞ்சம் வாயைத் திறங்க” என்றாள். அவர் திறந்தார். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

பதிவு அலுவலகத்தில் கல்யாணம் முடிந்து, மறுநாள் காலை இருவரும் வேலைக்குப் புறப்பட வேண்டும். அவர் வீட்டில் இருந்தது ஒரே ஒரு கண்ணாடி, அதுவும் உள்ளங்கை அளவு. பிரஷ் செய்துவிட்டு, பல்லிடுக்குக்கான குட்டித் தூரிகையால் ஒவ்வொரு சந்தாகச் சுத்தம் செய்ய அவளுக்குப் பத்து நிமிஷம் ஆகும். அவருக்கு இது புதுசு, இருபது நிமிஷம். தோளால் தோளை இடித்துக்கொண்டு, வாய் நிறைய நுரையோடு, யார் முதலில் என்று சைகையிலேயே சண்டை போட்டார்கள்.

“சார், கொஞ்சம் நகருங்க.”

“கல்யாணம் ஆகியும் இன்னுமா ‘சார்’?” என்றார் அவர்.

அதற்கு அவள் சிரித்த சிரிப்பில் கண்ணாடி முழுக்க நுரை தெறித்தது. அதைத் துடைக்க ஐந்து நிமிஷம் போயிற்று. அன்றைக்குக் காலையின் முதல் மூன்று வண்டிகளும் எந்த அறிவிப்பும் இல்லாமலே கிளம்பிப் போயின.