நட்சத்திர மொய்

என் கடையை மேப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள் என்று தெரிந்ததும் நான் செய்த முதல் வேலை, கையில் இருந்த கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல் ரோட்டு மேல் இருக்கும் பெரிய ஹோட்டலுக்குப் போய் அதன் முதலாளியைச் சத்தம் போட்டதுதான். இரண்டாவது வேலை, மறுநாள் அதே ஆளிடம் போய் மன்னிப்புக் கேட்டது. இரண்டையும் மறைக்கப் போவதில்லை. கோபக்காரி என்று ஊரே சொல்லும்போது நான் மட்டும் என்னைச் சாது என்று எழுதிக்கொண்டால் யார் நம்புவார்கள்?

கட்டுமாவடிக்கும் மணமேல்குடிக்கும் நடுவில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஒரு சந்தில் இருக்கிறது என் கடை. கடை என்றால் என் வீட்டு முன்கூடம். நாலு மேசை, பின்னால் அடுப்பு, மதியச் சாப்பாடு மட்டும். என் வீட்டுக்காரர் காலையில் மீன் ஏலத்துக்குப் போய் நல்லதாக எது கிடைக்கிறதோ அதை வாங்கி வருவார். நகரை வந்தால் நகரைக் குழம்பு, கெளுத்தி வந்தால் கெளுத்திக் குழம்பு. ஒரு நாளைக்கு ஒரே குழம்புதான். மீன் தீர்ந்தால் கதவைச் சாத்திவிடுவேன். நேற்றைய மீனை ஐஸில் வைத்து இன்றைக்குப் போடும் பழக்கம் எனக்குக் கிடையாது.

சந்து முனையில் பஸ் நின்றவரைக்கும் எனக்கு மேப்பும் தெரியாது, அதற்கு அவசியமும் இல்லை. இறங்குகிறவர்கள் வாசனை பிடித்தே வந்துவிடுவார்கள். ரோட்டை அகலப்படுத்தினார்கள், பஸ் ஸ்டாப்பை அரைக் கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் வைத்தார்கள். புது ஸ்டாப்புக்கு நேர் எதிரே பெரிய ஹோட்டல் வந்தது. கார் நிறுத்த இடம், கலர் லைட்டு, கை கழுவ வரிசையாகப் பைப்பு. ஆறு மாதத்தில் என் நாலு மேசையில் இரண்டு காலியாகவே கிடந்தன.

அந்த முதலாளி கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ஒரு நாள் சாப்பிட வந்தார், இலையை வழித்துச் சாப்பிட்டார், கை கழுவிவிட்டுச் சொன்னார்: “தங்கச்சி, இந்தச் சந்துக்குள்ள கெடந்து ஏன் கஷ்டப்படுறீங்க? நம்ம கிச்சனுக்கு வந்துருங்க. மாசச் சம்பளம். வீட்டுக்காரருக்கும் வேலை போட்டுத் தாரேன்.”

“என் கொழம்பு ஒங்க போர்டுக்குக் கீழ வெந்தா ருசி மாறிப்போகும்ணே” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போனார். நான் சிரிக்கவில்லை. அடுத்தவர் அடுப்புக்கு முன்னால் நின்று அடுத்தவர் சொல்லும் அளவுக்கு உப்புப் போடுவதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

அன்று மதியமே போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கல்யாணத்துக்கு முன்னால் புதுக்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இரண்டு வருஷம் கம்ப்யூட்டரில் டைப் அடித்தவள் நான். ஒருத்தரிடமும் கேட்காமல் கடையை மேப்பில் ஏற்றினேன். என் போன் நம்பரையும் போட்டேன். “ஊரு ஒலகத்துக்கெல்லாம் ஒன் நம்பரு தெரியணுமா?” என்றார் வீட்டுக்காரர். “தெரியாம எப்படிங்க வருவாங்க?” என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் கேட்கவில்லை.

முதல் வாரம் புள்ளியைத் தப்பாக வைத்துவிட்டேன். காரைக்குடியிலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்து, “மேடம், கடைக்கு வந்துட்டோம்னு போன் சொல்லுது, எதுத்தாப்புல தண்ணிதான் இருக்கு” என்றது. கண்மாய்க்கு நடுவில் கடை வைத்திருக்கிறேன் போல. ஓடிப்போய்க் கூட்டி வந்து சோறு போட்டேன். பிறகு புள்ளியை நகர்த்தினேன்.

அதற்கப்புறம் தினமும் பத்து மணிக்கு ஒரு போட்டோ ஏற்றுவேன். பெரிய வித்தையெல்லாம் இல்லை. அலசிய மீனைத் தட்டில் வைத்து ஒரு படம், கீழே ஒரு வரி: ‘இன்னைக்குக் கிழங்கான் வறுவல், நகரைக் குழம்பு. பன்னிரண்டு மணிக்கு ரெடி.’ மீன் தீர்ந்ததும் ‘தீர்ந்தது, நாளைக்கு வாங்க’ என்று இன்னொரு வரி. ராமேஸ்வரம் போகிறவர்கள், மருந்துக் கம்பெனி ஆட்கள், தொண்டிப் பக்கம் லோடு ஏற்றுகிறவர்கள் என்று போனில் ‘பக்கத்தில் மீன் சாப்பாடு’ என்று தேடி வர ஆரம்பித்தார்கள். நாலு மேசையும் நிறைந்தது. இரண்டாவது பந்தி வரைக்கும் போனது.

பதினான்கு பேர் ரிவ்யூ எழுதியிருந்தார்கள். ஹோட்டலுக்கு நூற்றுக்கணக்கில் இருந்தது. இது எனக்கு உறுத்தவில்லை, என் சித்தப்பாவுக்கு உறுத்திவிட்டது.

எங்கள் வகையறாவில் எந்த விசேஷமானாலும் மொய் எழுத உட்காருகிறவர் சித்தப்பாதான். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். மணமேல்குடியில் ஒரு காதுகுத்து. நான் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தேன். மொய் நோட்டை மூடிவிட்டு அவர் எழுந்து நின்று, “நம்ம பிள்ளை கடைக்கு எல்லாரும் ஆளுக்கு அஞ்சு ஸ்டாரு போட்டுட்டுத்தான் போகணும். அவளும் நாளைக்கு நமக்குச் செய்வா” என்று அறிவித்திருக்கிறார். போன் பழக்கமில்லாதவர்களின் போனை வாங்கி அவரே போட்டிருக்கிறார். மண்டபத்து வாசலில் ஒரு மணி நேரம் வரிசை நின்றிருக்கிறது.

வீட்டுக்கு வந்து பார்த்தபோது எண்பத்தி சொச்சம் ரிவ்யூ. எல்லாம் மொய் எழுதும் முறையிலேயே இருந்தன. முதலில் ஊர்ப் பெயர், பிறகு அப்பா இனிஷியலோடு பெயர், அப்புறம் ‘குடும்பத்தார்’, கடைசியில் எழுத்தால் ‘ஐந்து மட்டும்’. இரண்டு பேர் ‘குழந்தைக்கு நல்வாழ்த்துகள்’ என்று சேர்த்திருந்தார்கள். விழுந்து விழுந்து சிரித்தேன். உண்மையைச் சொன்னால் சந்தோஷமாகவும் இருந்தது. அதில் பாதிப் பேர் என் கடையில் ஒரு நாளும் சாப்பிட்டதில்லை என்பது அப்போது உறைக்கவில்லை. மறு வாரம் ஒரு ஒன்றுவிட்ட அண்ணன், தன் பைக் ஷோரூமுக்கு ‘திருப்பிச் செய்ய’ச் சொன்னார். அறந்தாங்கியில் இருக்கிறதாம் அந்த ஷோரூம். வாசல்படியைக்கூட மிதிக்காமல் ஐந்து நட்சத்திரம் போட்டு, ‘நல்ல கவனிப்பு’ என்றும் எழுதினேன்.

பத்து நாள் கழித்துக் கடை மேப்பில் இல்லை. தேடினால் ஹோட்டல் மட்டும் வந்தது. அதனால்தான் கரண்டியோடு ஓடினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் முன்னால், “என் பொழைப்புல மண்ணள்ளிப் போட்டீங்கள்ல” என்று கத்தினேன். சாயங்காலம் மெயிலைத் திறந்து படித்தேன்: ஒரே இடத்திலிருந்து ஒரே நேரத்தில் போலி ரிவ்யூக்கள் வந்ததால் கடையை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். போலி என்ற வார்த்தையைப் பார்த்ததும் கோபம்தான் வந்தது. அப்புறம் அந்த ‘நல்ல கவனிப்பு’ ஞாபகம் வந்தது. கூனிக் குறுகிப் போனேன்.

மறுநாள் ஹோட்டலில் அதே கல்லாவுக்கு முன்னால் நின்று, நேற்றைய அளவுக்கே சத்தமாக, “நீங்க செய்யலண்ணே. எங்க ஆளுங்கதான். தப்பு எங்க மேல” என்றேன். அவர் ஒரு டீ வரவழைத்துக் கொடுத்தார்.

“விடுங்க தங்கச்சி. மேப்புலயும் இப்ப நீங்க இல்ல. இனியாவது நம்ம கிச்சனுக்கு வரலாமுல்ல?”

“மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன். வேல கேக்க வரல” என்று சொல்லிவிட்டு டீயை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு வந்தேன்.

வீறாப்பாகப் பேசிவிட்டேனே தவிர, அடுத்த மூன்று வாரம் கொடுமை. மறுபடியும் இரண்டு மேசை காலி. மிஞ்சிய குழம்பை அக்கம்பக்கத்துக்கு ஊற்றினோம். வீட்டுக்காரர் ஒரு நாள் சோர்ந்துபோய் வந்து உட்கார்ந்து, “சம்பளம்னா நிம்மதிதானே? போயிருவமா?” என்றார். “நீங்க வேணும்னா போங்க. நான் இந்த அடுப்ப விட்டு நகர மாட்டேன்” என்றேன். சொன்ன பிறகு, அவரிடம் போய் இப்படிப் பேசினோமே என்று வருத்தமாக இருந்தது. அவர் மறுநாளும் வழக்கம்போல ஏலத்துக்குப் போனார்.

கடையைத் திரும்பக் கேட்டு எழுதினேன். வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள். மெயின் ரோட்டிலிருந்து தொடங்க வேண்டும், இடையில் நிறுத்தக் கூடாது, கடை இருப்பதும் அதை நடத்துவது நான்தான் என்பதும் அதில் தெரிய வேண்டும். பதினெட்டு வருஷமாகப் புகையில் நிற்கிறேன், இன்னும் சாட்சி கேட்கிறார்களே என்று பொருமினேன். பொருமிக்கொண்டே ரோட்டுக்குப் போனேன்.

ஊர்ப் பெயர்ப் பலகையில் தொடங்கி, பழைய பஸ் ஸ்டாப் தூணைக் காட்டி, சந்துக்குள் இறங்கி நடந்தேன். சித்தப்பா எதிரே வந்து கேமராவைப் பார்த்துக் கும்பிட்டு, “இது நம்ம பிள்ள கடைதாங்க” என்று ஆரம்பித்தார். “நீங்க பேசாதீங்க சித்தப்பா” என்றேன். அதுவும் பதிவாகிவிட்டது. இடுப்பிலிருந்த சாவியை எடுத்துக் கதவைத் திறந்தேன். மேசைகளைக் காட்டினேன், லைசென்ஸைக் காட்டினேன், அடுப்பைப் பற்றவைத்தேன். கடைசியாகப் போனை என் முகத்துக்கு நேரே திருப்பி, “நான்தான் நடத்துறேன். வந்து சாப்பிட்டுப் பாருங்க” என்றேன். அப்படிச் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள் கடை மேப்பில் வந்துவிட்டது. ஆனால் ஒரு ரிவ்யூ கிடையாது. காதுகுத்து ஆட்களோடு சேர்ந்து, நிஜமாகவே சாப்பிட்டு எழுதிய அந்தப் பதினான்கு பேரும் போய்விட்டார்கள். சித்தப்பா உடனே, “இந்தத் தடவ ஆளுக்கு ஒரு நாளாப் பிரிச்சுப் போடுவோம்” என்று திட்டத்தோடு வந்தார்.

“ஒருத்தரும் போடக் கூடாது. சாப்பிடணும்னா வாங்க, எலை போடுறேன்.”

அறந்தாங்கி ஷோரூமுக்குப் போட்ட ஐந்தையும் அன்றைக்கே அழித்தேன். அந்த அண்ணனுக்குத் தெரிந்ததும் பெரிய சண்டை. செய்ததைத் திருப்பி எடுக்கிற வழக்கம் நம்மில் உண்டா என்றார். இனி என் வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்றும் சொன்னார். இதுவரைக்கும் அவர் எப்போது நனைத்தார் என்று கேட்டேன். இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை.

பத்து மணிப் போட்டோவை மறுபடி ஏற்ற ஆரம்பித்தேன். தேடி வருகிறவர்கள் வந்தார்கள். இரண்டு வாரம் கழித்து முதல் ரிவ்யூ விழுந்தது. எழுதியவர் யாரென்றே தெரியாது. ‘சந்தில் காரைத் திருப்ப முடியாது. ஒரே ஒரு குழம்பு. வறுவல் தீர்ந்துவிட்டது. ஏன் என்று கேட்டால், கடலில் போய்க் கேளுங்கள் என்கிறார் ஓனரம்மா. குழம்பு நன்றாக இருந்தது.’ மூன்று நட்சத்திரம்.

வீட்டுக்காரர் படித்துவிட்டு, “இத எடுக்கச் சொல்லி எழுத முடியாதா?” என்றார். எதற்கு எடுக்க வேண்டும்? அதில் எந்த வரி பொய்? இந்த ஆளுக்கு நான் எந்த ஊர் விசேஷத்திலும் எதையும் திருப்பிச் செய்ய வேண்டியதில்லை. கடையைத் திறந்த நாளிலிருந்து எனக்கு இவ்வளவு பெருமையாக இருந்ததே இல்லை.

அந்த வாரமே ஹோட்டல் முதலாளியை ரோட்டில் பார்த்தேன். அவரும் படித்திருந்தார்.

“மூணு ஸ்டாருதானாமே, தங்கச்சி? நான் அன்னைக்குச் சொன்னது இன்னைக்கும் அப்படியேதான் இருக்கு.”

“சாப்பிட்டவுக போட்ட மூணுண்ணே” என்றேன். “நான் சொன்னதும் அப்படியேதான் இருக்கு.”