மூலையில் வைத்ததும் இடித்த குரல்

மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் குளுவாங் பக்கத்து எங்கள் தோட்டத்துக்கு அரிசி வரவில்லை, ஒலிபெருக்கி வந்தது. சிங்கப்பூரிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் பேசுவாராம். அதைத் தமிழில் ஒருவர் வாசிப்பாராம். மரவள்ளிக்கிழங்கு தின்ற வயிற்றோடு நாங்கள் நின்று கேட்க வேண்டுமாம்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்தவள் நான் ஒருத்திதான். டவுன் கான்வென்டில் படித்துவிட்டு, தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி ஐயாவுக்கு உதவியாக இருந்தேன். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகம். இன்னும் குறையவில்லை.

வெள்ளைக்காரத் துரைக்கு வளைந்த கிராணி ஐயாவின் முதுகு, ஜப்பான்காரனுக்கு இன்னும் நன்றாகவே வளைந்தது. அதிகாரத்தின் குரல் ஜனங்களின் தலைக்கு மேலேதான் இருக்க வேண்டும் என்று சொல்லி, என் அண்ணனைத் தூங்குமூஞ்சி மரத்தில் ஏற்றி, உச்சிக் கிளையில் ஒலிபெருக்கிப் பெட்டியைக் கட்டவைத்தார்.

ஒத்திகை பார்க்க ஜப்பான் அதிகாரி வந்தார். பெட்டி பேசியது. ஆண் குரல்தான். ஆனால் பசித்த ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் கீச்சென்று வந்தது. ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வரிசையில் நின்றவர்கள் சிரிப்பை அடக்க இருமினார்கள்.

“சியாப்பா புவாட்?” யார் செய்தது என்று அதிகாரி மலாயில் உறுமினார்.

கிராணி ஐயா யோசிக்கவே இல்லை. அண்ணனைக் காட்டினார்.

மறுநாள் பேச்சும் இப்படியே கேட்டால் இவனுக்குச் சயாம் ரயில்பாதை வேலைதான் என்று சொல்லிவிட்டு அதிகாரி போனார். அங்கே போனவர்கள் யாரும் எங்கள் லயத்து வீடுகளுக்குத் திரும்பியதில்லை. அம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

“பெட்டி கெட்டுப்போச்சு, நான் என்னா செய்ய?” கிராணி ஐயா கையை விரித்தார்.

“பெட்டி நல்லாத்தான் இருக்குங்க ஐயா. வச்ச இடம்தான் தப்பு,” என்றேன் நான்.

“ஓ, கான்வென்டுல ஒலிபெருக்கி கட்டவும் சொல்லிக் குடுத்தாங்களோ?”

“காது குடுத்துக் கேக்கச் சொல்லிக் குடுத்தாங்க.”

பள்ளிக்கூட ரேடியோ நடு மேசையில் இருந்தால் மெலிந்து பேசும், மூலைக்குத் தள்ளினால் தொண்டை கனக்கும். கீச்சு ஒலி டார்ச் லைட் மாதிரி நேரே போகும். கனத்த ஒலி எண்ணெய் விளக்கு மாதிரி எல்லாப் பக்கமும் பரவும். மரத்தில் வைத்தால் கனத்த ஒலியில் பெரும்பகுதி வானத்துக்கும் காட்டுக்கும் போய்விடும். தரையும் இரண்டு சுவரும் சேரும் மூலையில் வைத்தால், பின்னால் போக வழியில்லாமல் முன்னால் திரும்பி வரும். இதைச் சொன்னேன்.

“தரையிலயா? அலமாக்! அவங்க குரலக் கால்மாட்டுல வச்சேன்னு என் தலைய எடுத்துருவான்!”

“உங்க வீட்டுச் சாமியும் மூலையிலதானே இருக்கு? அது கால்மாடா ஐயா?”

அவர் அண்ணனை மறுபடியும் மரத்தில் ஏறச் சொன்னார். ஆபீஸ் சுவரும் ஸ்டோர் சுவரும் சேரும் மூலையில் பெட்டியை இறக்கி, மரியாதைக்கு மாவிலைத் தோரணமும் கட்டினோம்.

மறுநாள் குரல் இடி மாதிரி வந்தது. ஸ்டோர் தகரம் நடுங்கியது. ஒரு சொல்லும் புரியவில்லை, எல்லாம் ஒரே தொம் தொம். அதிகாரி கண்ணை மூடி ரசித்தார். அவருக்குத் தமிழ் தெரியாது.

“சியாப்பா புவாட்?”

“சாயா, துவான்!” நான்தான் என்று கிராணி ஐயா முன்னால் பாய்ந்தார்.

அதிகாரி அவர் தோளில் தட்டி ஒரு சிகரெட் கொடுத்தார். என் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன். கூட்டத்தின் பின்னால், அதிகாரியின் கண்ணில் படாமல் அண்ணன் குனிந்து நிற்பது தெரிந்தது. நான் பேசினால் அதிகாரியின் கண் அவன் மேலும் விழும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

கிராணி ஐயா அந்தச் சிகரெட்டைப் பற்றவைக்காமல் காதில் செருகிக்கொண்டு திரிந்தார். அண்ணன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான்.