குடை பிடித்தவள்

என் படங்களைப் பார்ப்பவர்கள் பூவைப் பற்றிக் கேட்பதில்லை. அதன் பின்னால் இருக்கும் கறுப்பைப் பற்றித்தான் கேட்பார்கள். "எந்த சாப்ட்வேர்ல பண்ணுனீங்க?" சாப்ட்வேரும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அது குன்னூர் மார்க்கெட்டில் வாங்கிய பெரிய கறுப்புக் குடை. அதைப் பிடித்துக்கொண்டிருந்தது என் மனைவி.

நான் எஸ்டேட் ஆபீசில் கிளார்க். ஞாயிறு லீவு. உறைபனி விட்டு, மாசி பங்குனியில் வெயில் ஏறத் தொடங்கினால் நாங்கள் இருவரும் விடிந்ததுமே தேயிலையைத் தாண்டிப் புல்மேட்டுக்கு ஏறிவிடுவோம். சரிவுகளில் காட்டுப்பூவரசு மரங்கள் செக்கச்செவேலென்று பூத்துக் கிடக்கும். பள்ளத்தாக்கிலிருந்து பனிமூட்டம் எழுந்து வரும். அவற்றையும் எடுப்பேன். ஆனால் எனக்குப் பித்து, புல்லுக்குள் ஒளிந்திருக்கும் நகத்தளவு பூக்கள்மேல்தான். அவற்றுக்கு எதிரி காற்று. எங்கள் மலையில் அது ஒரு நிமிடம் சும்மா இருக்காது.

ஒரு நாள் நான் புல்லில் குப்புறப் படுத்துக் காற்றைத் திட்டிக்கொண்டிருந்தபோது, அவள் பூவுக்குப் பின்னால் போய்க் குத்தவைத்து, குடையை விரித்துத் தரையோடு அழுத்திப் பிடித்தாள். காற்று நின்றது. பூவுக்குப் பின்னால் நல்ல கறுப்பும் கிடைத்தது. அன்றிலிருந்து அதுதான் எங்கள் வேலைமுறை. யோசனை அவளுடையது, பாராட்டு முழுவதும் எனக்கு.

"ஏனுங்க, முடிஞ்சுதுங்களா? காலு மரத்துப்போச்சுங்க."

"பேசாத, குடை ஆடுது. வெரல உள்ள இழு, படத்துல விழுது."

விரல் விழுந்தால் எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். பூப்படத்தில் விரலுக்கு என்ன வேலை? வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் அந்த ஓரத்தை வெட்டுவேன். வெட்ட முடியாத படங்களை மொத்தமாக அழிப்பேன். குப்பை சேரவிடாத ஆள் என்று ஆபீசில் எனக்குப் பெயர். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒருமுறை காட்டுப்பூவரசுக்குக் கீழே நின்று, "என்னையும் ஒண்ணு எடுங்களே" என்றாள். "வெளிச்சம் போயிரும், அப்பறம் பாக்கலாம்" என்றேன். காலை இளவெளிச்சம் இன்னும் இரண்டு மணிநேரம் இருந்தது. அது எனக்கு அப்போதே தெரியும்.

போன கார்த்திகையில், சமைத்துக்கொண்டிருந்தவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். கோயமுத்தூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் மலைப்பாதையில் பர்லியாரைக்கூடத் தாண்டவில்லை.

மாலை போட ஒரு படம் வேண்டும் என்றதும் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். வீட்டுலயே கேமரா இருக்கையில் படத்துக்கா பஞ்சம் என்று நினைத்திருப்பார்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். பூ, பூ, பூ. அவள் முகம் ஒன்றில்கூட இல்லை. சொந்தக்காரர்களின் கல்யாணங்களில் யாரோ செல்போனில் எடுத்த படங்களில், பந்தி வரிசையில் பாதி முகமாக இருந்தாள். கடைசியில் ஆதார் அட்டையைத்தான் ஸ்டுடியோவில் கொடுத்தேன்.

ஸ்டுடியோக்காரர் தன் வழக்கப்படி அவளுக்குப் பட்டுச்சேலை உடுத்தி, கழுத்து நிறைய நகை போட்டு, முகத்தை வெளுப்பாக்கித் தந்தார். படத்தைப் பார்த்ததும் அவளுடைய தங்கை, "இது யாருங்க மாமா?" என்று கேட்டுவிட்டு ஓவென்று அழுதாள். மேலுதட்டில் இருந்த மச்சத்தைக் காணவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. நேரே சண்டைக்குப் போனேன்.

"மச்சத்த எதுக்குங்க அழிச்சீங்க?"

"அழுக்குன்னு நெனச்சுட்டேனுங்க. படம் சுத்தமா இருக்கட்டும்னுதான் எடுத்தனுங்க."

நானும் அதைத்தானே இத்தனை வருடம் செய்தேன்? படத்தை எடுத்துக்கொண்டு திரும்பினேன். அந்தப் படமே சுவரில் ஏறியது. தினமும் யாரோ ஒரு அம்மாவுக்குப் பூ வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த மாசியில் ஒரு ஞாயிறு தனியாகப் போனேன். அதே மேட்டில் நீலப்பூக்கள் வந்திருந்தன. குடையை விரித்துப் புல்லில் வைத்துவிட்டுப் படுத்தேன். காற்று அதைப் புரட்டிச் சரிவில் உருட்டிக்கொண்டு போனது. எடுத்து வந்து கல்லை முட்டுக்கொடுத்தேன். மறுபடியும் உருண்டது. மூன்றாவது முறை, எனக்கே தெரியாமல் "ஒழுங்காப் புடி" என்று கத்திவிட்டேன். கத்திய பிறகு அங்கே நிற்க முடியவில்லை. அழுதுகொண்டே இறங்கினேன்.

அன்று மத்தியானம், அவள் எதிலாவது விழுந்திருக்கிறாளா என்று கேமராப் பையைக் கவிழ்த்துத் தேடினேன். அடியில் பழைய மெமரி கார்டு ஒன்று கிடந்தது. குடை பிடிக்கத் தொடங்கிய முதல் வருடத்துப் படங்கள் அதில் இருந்தன. எல்லாம் நான் முன்பே பார்த்தவைதான். ஒன்றில் மட்டும் பூ கலங்கியிருந்தது. அதனாலேயே கம்ப்யூட்டருக்கு மாற்றாமல் கார்டிலேயே விட்டிருக்கிறேன். ஓரத்தில், குடையின் விளிம்பை அழுத்திக்கொண்டு மூன்று விரல்கள் தெளிவாக இருந்தன.

இந்த முறை பூவை வெட்டினேன்.

பிரிண்ட் போட அதே ஸ்டுடியோவுக்குத்தான் போனேன். அவர் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, தயக்கத்தோடு கேட்டார்.

"நகத்துல அழுக்கு இருக்குதுங்க. எடுத்துரட்டுங்களா?"

"அது மண்ணுங்க," என்றேன். "இருக்கட்டும்."