ஃபோகஸ் அக்காவின் நாற்காலி

அந்தத் தியேட்டரில் கடைசி வரிசை ஓரத்து நாற்காலிக்கு மட்டும் டிக்கெட் கொடுக்க மாட்டார்கள். அது ஆபரேட்டரின் மனைவிக்கு. புதுப்படம் வந்தால் முதல் காட்சிக்கு வந்து உட்காருவாள். திரையில் முகம் கொஞ்சம் மங்கினால் போதும், வெள்ளைக் கைக்குட்டையைத் தூக்கிக் காட்டுவாள். மேலே ப்ரொஜெக்டர் அறையிலிருந்து பார்க்கிற மனுஷன் உடனே லென்ஸைத் திருத்துவார். ஊழியர்கள் அவளுக்கு வைத்த பெயர் ஃபோகஸ் அக்கா. இத்தனைக்கும் அவளுக்குப் பார்வை வலது கண்ணில் மட்டும்தான். சின்ன வயதில் பந்து பட்டு இடது கண் போய்விட்டது. இரண்டு கண்ணை வைத்துக்கொண்டு நாமெல்லாம் என்னத்தைக் கிழிக்கிறோம்!

தியேட்டருக்கு த்ரீடி வந்தது. இரண்டு ப்ரொஜெக்டர்கள், ஒன்று இடது கண்ணுக்கான படத்தைப் போடும், மற்றது வலது கண்ணுக்கானதை. கண்ணாடி மாட்டினால் இரண்டும் சேர்ந்து, படம் திரையை விட்டு எழுந்து வரும். அதற்கு இரண்டு கண்ணும் வேண்டும். இதை நினைத்து ஆபரேட்டருக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

"அது சின்னப் பசங்க படம். உனக்குப் பிடிக்காது, வர வேண்டாம்" என்று மனைவியிடம் சொன்னார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன். செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சரியென்று தலையாட்டிவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள். அதுதான் அவருக்கு இன்னும் வலித்தது.

முதல் நாளே வம்பு. இடைவேளைக்குப் பிறகு கண் வலி, தலைவலி என்று பாதிப் பேர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்கள். மறுநாளும் அதே கதை. ஆபரேட்டர் காலையில் கட்டம் போட்ட சோதனைப் படத்தை ஓட்டி இரண்டு லென்ஸையும் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. சாயங்காலம் மறுபடி புகார்.

"ஆபரேட்டரே, தப்பா எடுத்துக்காதீங்க. நாளைக்கும் இப்படின்னா வேற ஆளைப் போடச் சொல்லிட்டார் முதலாளி" என்றார் மேனேஜர்.

வீட்டில் ஆபரேட்டர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆனால் ஊர் வாயை மூட முடியுமா? டிக்கெட் கொடுக்கிற பெண் ஃபோகஸ் அக்காவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

மறுநாள் மதியக் காட்சி. மேலேயிருந்து எட்டிப் பார்த்தவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஓரத்து நாற்காலியில் அவள், மூக்குக்கண்ணாடிக்கு மேல் த்ரீடி கண்ணாடியோடு. திரையிலிருந்து மீன் பாய்ந்து வருகிறதென்று தியேட்டரே தலையைக் குனிந்தது. அவள் மட்டும் நேராக உட்கார்ந்திருந்தாள். இதைப் பார்க்கத்தான் அவர் பயந்திருந்தார்.

இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் கைக்குட்டை மேலே போனது. அவர் பதறி இறங்கி வந்தார்.

"என்னம்மா?"

"முகமெல்லாம் மங்குதுங்க. முன்னாடி நல்லாத்தான் இருந்துச்சு."

தன் நெற்றியிலிருந்த த்ரீடி கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "எனக்கு நல்லாத்தானே தெரியுது!"

"உங்களுக்கு ரெண்டு கண்ணு. ஒண்ணு மங்குனா இன்னொண்ணு சமாளிச்சுக்கும். எனக்கு யாரு சமாளிக்கிறது? இடது கண்ணை மூடிட்டுப் பாருங்க."

மூடினார்.

"என்னைப் பாத்து எதுக்குக் கண்ணடிக்கிறீங்க? திரையைப் பாருங்க!"

பார்த்தார். எல்லாம் மங்கல். வலது கண்ணுக்கான ப்ரொஜெக்டர்! காலையில் சூடேறாத மெஷினில் சோதித்ததால் பிடிபடவில்லை. ஓடி ஓடிச் சூடேறியதும் லென்ஸ் கொஞ்சம் நகர்ந்துவிடுகிறது. மேலே ஓடித் திருத்தினார். கைக்குட்டை இறங்கியது. அதன் பிறகு யாரும் கண்ணைக் கசக்கவில்லை. கதவோரம் நின்று பார்த்த மேனேஜர், வேற ஆள் பேச்சை அத்தோடு விட்டார்.

ஆபரேட்டர் மறுபடி இறங்கி வந்து மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எதுக்குங்க பொய் சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"எல்லாரும் குனியறப்ப நீ மட்டும் சும்மா உக்காந்திருப்பியே... எனக்குத் தாங்காது."

"என் கண்ணு எனக்குப் பழகிடுச்சுங்க. நீங்க என்னை வர வேண்டாம்னு சொன்னதுதான் பழகலை."

அவர் த்ரீடி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டார். கடலும் மலையும் திரையோடு போய் ஒட்டிக்கொண்டன. ஆனால் எல்லாம் தெளிவாக இருந்தது. அவள் பார்க்கிற படம் இதுதான்.

மறுபடி மீன் பாய்ந்தது. தியேட்டரே குனிந்தது. கடைசி வரிசையில் இரண்டு பேர் மட்டும் குனியவில்லை.