போகியில் எரிந்த மாலை

காலை ஏழு மணி பதினெட்டு நிமிடம். செங்கல்பட்டில் எங்கள் வீட்டில், பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மகள் பவித்ராவிடமிருந்து போன். "அம்மா, இவருக்கு அடிபட்டுடுச்சும்மா. ரோட்ல மணல் இருந்துச்சாம், பைக் சறுக்கிடுச்சாம். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு வராங்களாம், நீ முன்னாடி போ."

போன வருடம் மாசி மாதம் அது. மருமகன் தினேஷ் புதுப்பட்டினத்திலிருந்து நாவலூர் ஆபீசுக்குத் தினமும் பைக்கில் போவார். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று திருவிடந்தைப் பெருமாளைக் கூப்பிட்டேன். என் உயிரை எடுத்துக்கொள், அவரை விட்டுவிடு என்றேன். சாயங்காலம் டாக்டர் வெளியே வந்து என் கணவரைத் தனியாக அழைத்தார். என் வேண்டுதல் யார் காதிலும் விழவில்லை என்று அப்போது நினைத்தேன்.

திருவிடந்தை வழக்கம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் அங்கே அர்ச்சனை செய்து, தருகிற மாலையைப் போட்டுக்கொண்டு பிராகாரம் சுற்றி, அதை வீட்டில் வைத்திருப்பார்கள். கல்யாணம் ஆனதும் தம்பதியாக வந்து அந்தக் காய்ந்த மாலையைக் கோயிலில் சேர்க்க வேண்டும். பவித்ராவுக்கும் அப்படித்தான் வரன் அமைந்தது. மாலையைப் புகுந்த வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தாள். இருவருக்கும் சேர்ந்தாற்போல் லீவு கிடைக்கவில்லை. இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போனது. அதற்குள் போகி வந்தது. சம்பந்தியம்மா வீட்டை ஒழித்தபோது, அலமாரி மேல் கிடந்த மாலையைப் பழைய பாயோடு சேர்த்து நெருப்பில் போட்டுவிட்டார். அவர்கள் பக்கம் இந்த வழக்கம் கிடையாது. அடுத்த மாதமே தினேஷ் போய்விட்டார்.

எனக்கு அது போதுமாக இருந்தது. கருமாதி அன்று பந்தல் நிறைய ஜனம் இருக்கும்போது சம்பந்தியம்மாவைப் பார்த்துக் கத்தினேன். "எம் பொண்ணு மாலையக் கொளுத்தினது நீங்கதானே! இப்போ அவ வாழ்க்கையே எரிஞ்சு போச்சே, திருப்தியா?"

அவருக்குக் கணவர் இல்லை. தினேஷ் ஒரே பிள்ளை. புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டார். பவித்ரா எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள். "அம்மா, நீ கிளம்பு. நான் அத்தைகூட இருந்துக்கறேன்."

அதன் பிறகு அவள் என் போனை எடுக்கவில்லை. மருமகனும் போய், மகளும் போனாள். பூஜை அலமாரியைச் சாத்தினேன். விளக்கு ஏற்றவில்லை. வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே மனசுக்குள் சம்பந்தியம்மாவோடு சண்டை ஓடும். பெருமாளோடும்தான். ஒருநாள் என் கணவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். "அடுப்புகிட்ட நின்னுகினு யாரைத் திட்ற? அவங்க காதுல விழாது. என் காதுலதான் விழுது."

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை பஸ் ஏறித் திருவிடந்தைக்குப் போனேன். கும்பிட அல்ல. நேரில் நின்று ஏன் என்று கேட்டுவிட்டு வரத்தான். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு புதுத் தம்பதி. கூடவே பையனின் அம்மா. அந்த அம்மா மருமகளை விடவில்லை.

"ஒரு மாலைய பத்திரமா வெக்கத் தெரியல. இப்ப வெறுங்கையோட வந்து நிக்கிற."

"வூடு மாத்தும்போது எங்கயோ பூட்ச்சி அத்த. தேடாத எடமில்ல."

"தேடுனாளாம்!"

பையன் குறுக்கே புகுந்தான். "யம்மா, பெருமாள் இன்னா ரசீதா கேக்கப் போறாரு? மாலைதான காணோம். பொண்டாட்டிய கூட்டிகினு வந்துக்கிறேன்ல?"

வரிசையே சிரித்தது. அந்த அம்மாவும் சிரித்துவிட்டார். அர்ச்சகர் எதுவும் கேட்காமல் இருவருக்கும் சடாரி வைத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாலையைத் தொலைத்தவர்களுக்கு ஆசி தருகிற பெருமாள், மாலையை எரித்ததற்காக ஒரு பிள்ளையின் உயிரை வாங்குவாரா? இத்தனை மாதமாக அவரை அப்படிப்பட்டவராகத்தானே நினைத்திருந்தேன்? ரோட்டில் மணல் இருந்தது. பைக் சறுக்கியது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மற்றதெல்லாம் யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும் என்ற ஆத்திரம். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவரையே பிடித்து உலுக்கியிருக்கிறேன்.

சன்னதியில் நின்றபோது கேட்க வந்தது வாயில் வரவில்லை. "இந்தக் கசப்பை என்னிடமிருந்து எடுத்துவிடு. என் மகளிடம் என்னைச் சேர்த்துவிடு" என்று மட்டும் வேண்டினேன்.

உடனே ஒன்றும் நடக்கவில்லை. சனிக்கிழமைதோறும் போய் வந்தேன். வீடு திரும்பியதும் சம்பந்தியம்மாவுக்கு ஒரு போன். எடுக்கமாட்டார். சில வாரம் கோபம் மறுபடி பொங்கும். நான்தான் இறங்கிப் போக வேண்டுமா என்று தோன்றும். பூஜை அலமாரியைத் திறந்து விளக்கேற்றி, அதன் முன்னால் உட்காருவேன். கார்த்திகையில் ஒருநாள் எடுத்தார். "சாப்பிட்டீங்களா சம்பந்தி?" என்றேன். "ம்" என்றார். வைத்துவிட்டார். அந்த ஒரு "ம்"முக்கு அப்படி அழுதேன். அடுத்த வாரம் அவரே, "இன்னா கொழம்பு?" என்று கேட்டார்.

அதற்கடுத்த வாரம் மன்னிப்புக் கேட்டேன். அவர், "நானும் அதையேதான் நெனச்சிகினு கீறேன் சம்பந்தி. நான் எரிச்சதாலதான் எம் புள்ள போய்ட்டான்னு" என்றார்.

என் வார்த்தையை அவர் இத்தனை மாதமும் சுமந்திருக்கிறார். கோயில் வரிசையில் கேட்டதையெல்லாம் அவருக்குச் சொன்னேன். திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். போனிலேயே இருவரும் அழுதோம்.

தினேஷ் திரும்பி வரவில்லை. வாசலில் பைக் சத்தம் கேட்டால் இன்றும் உடம்பு தூக்கிப்போடுகிறது. ஆனால் வீட்டில் விளக்கு எரிகிறது. யார் மீதும் பழி போடாமல் அழ முடிகிறது. இதைப் பெருமாள் தந்ததாகவே நம்புகிறேன். கடவுள் மேல் கோபமாக இருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்தக் கோபத்தோடேயே போய் அவர் முன்னால் நில்லுங்கள். அவர் துரத்தமாட்டார். பதில் வர நாளாகும். பொறுத்திருங்கள்.

எனக்கு அந்தப் பதில் தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. வாசலில் ஆட்டோ நின்றது. முதலில் சம்பந்தியம்மா இறங்கினார். பின்னால் பவித்ரா, பாதியாக இளைத்து, என்னை நிமிர்ந்து பார்க்காமல். சம்பந்தியம்மா அவள் கையை இழுத்து என் கையில் வைத்தார்.

"இவ தூங்கவே மாட்டேங்கிறா சம்பந்தி. நானும் இன்னான்னவோ பண்ணிப் பாத்துட்டேன். கொயந்தையா இருக்கசொல்ல இவள எப்டி தூங்க வெப்பீங்க? எனக்குச் சொல்லிக் குடுங்க."