சின்னம் இல்லாத காருக்கு ஒரு சல்யூட்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நான் குடிக்கிறவள் இல்லை; பகல்கனவு காண்கிறவளும் இல்லை. யார்க்‌ஷயரில் வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு இடுப்பளவு எடுத்து உள்கச்சை விற்கிறவள். பெயர் ஈனிட் தாக்ரே. இது 1935 நவம்பர் பதினான்காம் தேதி, பகல் வெளிச்சத்தில் நடந்தது.

என் பிழைப்பே அந்தக் குட்டிக் கார்தான். வெளியே பார்த்தால் தீப்பெட்டி. உள்ளே ஆறு சிலிண்டர். என் கணவரும் அவருடைய அண்ணன் கிளெமென்டும் சேர்ந்து வாங்கியது, பதிவு அண்ணன் பெயரில். கணவர் இறந்ததும் அதை விற்றே தீருவேன் என்று கிளெமென்ட் ஒற்றைக்காலில் நின்றார். பெண்பிள்ளைக்கு மலைப்பாதையில் ஓட்ட வராதாம். கடைசியில் ஒரு பந்தயம். கிரேக்‌ஷா மேட்டைத் தனியாகத் தாண்டி, ஐந்து மணிக்குள் அவர் வாசலில் காரை நிறுத்தினால் அது எனக்கு. இல்லையென்றால் மறுநாளே விற்றுவிடுவார்.

3.40. மேட்டின் அடிவாரம். மூடுபனி. உறுப்பினர்களின் கார் வழியில் நின்றுபோனால் உதவுகிற மோட்டார் சங்கத்து ரோந்துக்காரர் ஒருவர் சைக்கிளோடு நின்றார். விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். எனக்கு ஏகப் பெருமை.

ஒரு மைல் போன பிறகுதான் உறைத்தது. சங்கத்தின் சின்னம் முன்னால் இருக்கிற காருக்கு மட்டுமே அவர்கள் சல்யூட் அடிப்பார்கள். சந்தா கட்ட முடியாமல், அன்று காலையில்தான் அந்தச் சின்னத்தைக் கழற்றித் தபாலில் திருப்பி அனுப்பியிருந்தேன்.

3.52. வளைவில் மறுபடி ஒரு ரோந்துக்காரர். சல்யூட்.

அதே மீசை... அதே சைக்கிள். என்னை யாரும் முந்திப் போகவில்லை. தூறல் விழுந்துகொண்டிருந்தது. அவர் கோட்டு நனையவில்லை.

திரும்பிவிடலாமா? திரும்பினால் கிளெமென்ட் சிரிப்பார். பேயைக்கூடப் பொறுப்பேன், அந்தச் சிரிப்பைப் பொறுக்க மாட்டேன்.

4.05. உச்சி. நடுச்சாலையில் நின்றார். சல்யூட்.

பிரேக்கை மிதித்தேன். எஞ்சின் அணைந்தது.

டிக்... டிக்... சூடு ஆறும் சத்தம் மட்டும்.

ஸ்டார்ட்டரை அழுத்தினேன். முனகிவிட்டு அடங்கியது. இனி இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்ற வேண்டியதுதான். அதற்குக் காரின் முன்னால் போக வேண்டும்.

முன்னால்... அவர்.

இறங்கினேன். கைப்பிடியை எடுத்துக்கொண்டு முன்னால் போனேன்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அஞ்சு மணிக்குள்ள நான் போயாகணும்."

நகரவில்லை.

அவருக்கு முதுகைக் காட்டிக் குனிந்தேன்.

ஒரு சுற்று. இல்லை.

பிடரியில் பனிக்கட்டி வைத்த மாதிரி...

இரண்டு. இல்லை.

பின்னால் மூச்சுச் சத்தமே இல்லை.

மூன்று.

ஆறு சிலிண்டரும் பற்றிக்கொண்டன!

திரும்பினேன். யாரும் இல்லை.

4.51க்கு வாசலில் ஹாரன் அடித்தேன். கிளெமென்ட் தொங்கிய முகத்தோடு வந்தார். என் வாய் சும்மா இருக்குமா? உச்சியில் ஒரு ரோந்துக்காரர் வழியை மறித்து நின்றதையும், அவர் எதிரிலேயே நான் காரைக் கிளப்பியதையும் சொன்னேன். சல்யூட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"கையைக் கீழ இறக்கினானா?"

"எந்தக் கையை?" என்றேன். அவர் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் காலை அதே மேட்டைத் தாண்டி, அதே காரில், போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். சார்ஜென்ட் பழைய பதிவை எடுத்தார். இரண்டு வருடத்துக்கு முன் உச்சியில் ஒரு ரோந்துக்காரர் மீது ஏதோ ஒரு கார் மோதிவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. யார் என்று கடைசிவரை தெரியவில்லை. தேதியைக் கேட்டேன். அந்த வாரம் கார் கிளெமென்ட் கையில் இருந்தது. அதைச் சொல்லி, எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

சார்ஜென்ட் மைப்புட்டியின் மூடியைத் திருகி வைத்துவிட்டு, இன்னொன்றும் சொன்னார். அந்த மனிதர் ராத்திரி முழுக்கப் பனியில் கிடந்தாராம். வலது கை நெற்றியிலேயே விறைத்துப்போயிருந்ததாம். சவப்பெட்டியை மூடும்போதுகூட அதை இறக்க முடியவில்லையாம்.